கொலஸ்டராலுக்குக் கீழே ஒரு புள்ளி

கொழுப்பைப் பற்றி முப்பது வருடங்களுக்கு மேல் ஆராய்ச்சி செய்தவன் என்று சொன்னால், ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் உடனே தங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "சார், கொலஸ்டரால் ஏறிப்போச்சு. நெய் சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, உயிர்வேதியியல் படித்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. இப்போதெல்லாம் "குறைச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆராய்ந்தது வயிற்றில் சேரும் கொழுப்பை அல்ல. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு தோல் இருக்கிறது. சவ்வு என்போம். அதில் முக்கால்வாசி வேலையைச் செய்வது கொழுப்பு. இரண்டே மூலக்கூறு கனம். அது கிழிந்தால் செல் செத்துவிடும். ரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து அந்தத் தோலை உரித்தெடுத்து, அதில் என்னென்ன கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதிலேயே என் வேலைக்காலம் போனது.

போன மாதம், நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தைக் காலி செய்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். ஹஸ்லினா என்ற இளம் ஆய்வாளர் புதிய இயந்திரத்தைக் காட்டினார். ஒரு சொட்டு கொடுத்தால், தே தாரிக் குடித்துவிட்டு வருவதற்குள் நூற்றுக்கணக்கான கொழுப்புகளின் பெயர்களை வரிசையாகக் கொடுத்துவிடுகிறது. அசந்துபோனேன். அந்தப் பெண் மலாயில் கேட்டார்: "டாக்டர் குணா, இது இல்லாத காலத்தில் நீங்கள் தப்பாக எதையாவது கண்டுபிடித்தது உண்டா?"

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது லாபிஸில். அப்பா ரயில்பாதை பராமரிப்புக் கூட்டத்தில் வேலை. தமிழ்ப்பள்ளி, பிறகு சிகாமட்டில் ஆறாம் படிவம், கோலாலம்பூரில் பட்டம். ரசாயனம் பிடித்திருந்தது என்பதைத் தவிர எனக்கென்று பெரிய இலட்சியம் எதுவும் கிடையாது. ஜொகூரிலேயே ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்ததும், வீட்டுக்குப் பக்கம் என்று சேர்ந்துவிட்டேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் டாக்டர் புனிதவதி. அவருடைய பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் வீட்டில் பேசிய தமிழை அவர் விடவில்லை. என்னை "நீர்" என்பார். லாபிஸ் தமிழில் வளர்ந்த எனக்கு முதலில் அது திட்டுவது போலவே இருந்தது. மரியாதை என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

உயரமான பெண்மணி. பருத்திச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நாங்கள் எழுதும் நோட்டுப் புத்தகத்தை வாரம் ஒரு முறை வாங்கிப் படிப்பார். ஏதாவது சரியில்லை என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறிக்கு நாங்கள் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

முதல் மூன்று வாரம் நான் செய்த ஒரே வேலை கண்ணாடிக் குழாய் கழுவியதுதான். சோப்பு, குழாய்த் தண்ணீர், ஒரு நாள் முழுக்க அமிலம், பிறகு வடித்த நீர், கடைசியாக குளோரோபார்ம். காய்ந்த குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "விரல் ரேகை தெரியுது பாரும். உம்மடை விரல்லையும் கொழுப்பு இருக்கு. நான் உம்மடை கொழுப்பை அளக்க இங்க வரேல்லை" என்பார். பிளாஸ்டிக் எதுவும் குளோரோபார்ம் பக்கம் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். அது பிளாஸ்டிக்கில் இருப்பதையெல்லாம் கரைத்து இழுத்துவிடும்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. இப்போது நினைத்தாலும் கை அதைச் செய்யத் துடிக்கிறது. ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களை அடியில் இறக்குவோம். குளிர்ந்த உப்புநீரில் மூன்று முறை கழுவுவோம். பிறகு உப்புக் குறைந்த நீரில் விட்டால் அணுக்கள் ஊதி வெடிக்கும். உள்ளே இருக்கும் சிவப்பெல்லாம் வெளியே வந்துவிடும். கழுவக் கழுவ ரோஸ் நிறம் போய், கடைசியில் குழாயின் அடியில் வெள்ளையாகத் தோல் மட்டும் மிஞ்சும். அதற்கு எங்கள் தொழிலில் 'பேய்' என்றே பெயர். "இன்னைக்கு எத்தனை பேய் பிடிச்சீர்?" என்று டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்.

அந்தப் பேய்களிலிருந்து குளோரோபார்மில் கொழுப்பைக் கரைத்து எடுத்து, வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தட்டின் அடியோரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொட்டு வைப்போம். தட்டைக் கரைப்பான் ஊற்றிய தொட்டியில் நிறுத்தினால், திரியில் எண்ணெய் ஏறுவது போல அது மேலே ஏறும். ஏறும்போது ஒவ்வொரு கொழுப்பையும் ஒவ்வொரு உயரத்தில் விட்டுவிட்டுப் போகும். பிறகு அயோடின் ஆவியில் காட்டினால் பழுப்பு நிறத்தில் புள்ளிகள் தெரியும். எந்தக் கொழுப்பு எந்த உயரம் என்று எங்களுக்கு மனப்பாடம்.

அப்போது நாங்கள் எடுத்திருந்தது ஒரு பரம்பரை நோய். சிவப்பணு தட்டு மாதிரி இருக்காமல் பந்து மாதிரி உருண்டுவிடும். உருண்ட அணுக்களை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். சோகை வரும், கண் மஞ்சளாகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சிகாமட், லாபிஸ் பக்கத்தில் இந்த நோய் உள்ள சில குடும்பங்களை மருத்துவமனை எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தது. மாதம் இரு முறை ஐஸ் பெட்டியோடு ரயிலேறுவேன். மருத்துவமனை தாதி ரத்தம் எடுத்துக் கொடுப்பார். திரும்பும்போது குளுவாங் நிலையத்தில் இறங்கி ஒரு காப்பி குடிக்க ஆசை வரும், பெட்டியைவிட்டு நகரமாட்டேன். ஜன்னல் வழியாகவே வாங்கிக் குடிப்பேன். அந்த நாட்களை நினைத்தால் வாயில் அந்தக் காப்பியின் கசப்புதான் முதலில் வருகிறது.

அந்தக் குடும்பங்களில் ஒருவர் தேவகி. சிகாமட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. முப்பது வயது இருக்கும். கண் எப்போதும் லேசாக மஞ்சளாக இருக்கும். அதை மறைக்கப் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். கையை நீட்டிக்கொண்டே வாய் ஓயாமல் கேள்வி கேட்பார். "என் ரத்தத்த எங்க சார் வைப்பீங்க? என் பேரு எழுதுவீங்களா, நம்பர் போடுவீங்களா?" நம்பர்தான் என்றேன். "அலமாக், என்னைய கைதியாக்கிட்டீங்களா!" என்று சிரித்தார்.

தவறு நடந்தது இப்படித்தான். சிகாமட்டிலிருந்து நான் வந்து சேர மாலையாகிவிடும். அதனால் பேய்களைப் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிட்டு, மறுவாரம் மற்ற வேலையைச் செய்வேன். உறைபெட்டியில் கண்ணாடிக் குழாய் சில நேரம் விரிசல் விட்டுவிடும். ஒரு முறை தேவகியின் குழாய் உடைந்து எல்லாம் வீணாயிற்று. மறுபடியும் ரத்தம் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்தச் சமயம் பார்த்து ஒரு விற்பனையாளர் புதுவகைப் பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்தார். எந்த ரசாயனத்தையும் தாங்கும் என்றார். தாங்கியது உண்மைதான், குழாய் உருகவில்லை. நான் அதில் உறையவைத்தேன். வேறு குழாய்க்கு மாற்றினால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போய்விடுமே என்று, குளோரோபார்மையும் அதிலேயே ஊற்றினேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஆரோக்கியமானவர்களின் ரத்தம் எங்கள் ஊழியர்களிடமிருந்தே காலையில் எடுப்பது. அதை உறையவைக்க வேண்டிய தேவையில்லை. அது பழையபடி கண்ணாடியிலேயே போயிற்று.

அடுத்த தட்டுகளில் ஒரு புதுப் புள்ளி தெரிந்தது. கொலஸ்டராலுக்குச் சற்றுக் கீழே, அதற்கு முன் எதுவுமே இருந்திராத இடத்தில். நோயாளிகள் எல்லோருக்கும் இருந்தது. ஆரோக்கியமானவர்கள் ஒருவருக்கும் இல்லை.

டாக்டர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே செய்தனீர்?"

"ஆமா டாக்டர்."

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு அது ஒரே மாதிரியாகத்தான் பட்டது. குழாயை மாற்றியதை நோட்டில் எழுதியும் இருந்தேன், 'புது குழாய்' என்று இரண்டு வார்த்தையில். அவரும் அதைப் படித்தார். கேள்விக்குறி போடவில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்த சந்தோஷத்தில் நாங்கள் இரண்டு பேருமே அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டோம்.

கட்டுரை எழுதி அனுப்பினோம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அந்த மாதமே டாக்டருக்குப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல் அழைப்பும் வந்தது. ஆய்வுக்கூடமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். சிகாமட்டுக்குப் போனபோது தேவகியிடம் சொன்னேன்: "உங்க ரத்தத்துல புதுசா ஒன்னு கண்டுபிடிச்சிருக்கோம். உலகத்துல யாரும் இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படினா மருந்து வருமா சார்?"

"வரலாம்" என்றேன்.

சில வாரம் கழித்து ஒரு காலை. எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் பாக் சிக் ஜமிலின் தட்டை அயோடினிலிருந்து எடுக்கிறேன். எல்லோருக்கும் அவர் 'பாக் சிக்', அதாவது மாமா. ஐம்பது வயதிலும் தினமும் பேட்மிண்டன் ஆடுகிற மனிதர். வழக்கமாகக் காலையில் ரத்தம் கொடுப்பவர், அந்த முறை மட்டும் மாலையில்தான் நேரம் கிடைத்து வந்தார். அதனால் அவருடையதையும் உறையவைத்திருந்தேன். கொலஸ்டராலுக்குக் கீழே அந்தப் புள்ளி இருந்தது.

என் தோளுக்குப் பின்னாலிருந்து அவரும் பார்த்துவிட்டார். "குணா, சயா சாகிட் கா?" என்று கேட்டார். எனக்கு நோயா என்று கேட்கிறார்.

முதலில் எனக்கும் அதே பயம்தான். அப்புறம் உறையவைத்த குழாய் என் நினைவுக்கு வந்தது. பெட்டியிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தேன். அதில் ரத்தம் இல்லை, எதுவும் இல்லை. வெறும் குளோரோபார்மை ஊற்றி, ஆட்டி, எடுத்து, தட்டில் பொட்டு வைத்தேன். முக்கால் மணி நேரம் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அயோடினில் காட்டினேன். தட்டு முழுக்கச் சுத்தமாக இருந்தது, ஒரே ஒரு புள்ளியைத் தவிர. அதே உயரத்தில்.

"பாக் சிக்குக்கு ஒன்றுமில்லை" என்று மலாயில் சொன்னேன். "நோய் என் குழாய்க்குத்தான்."

அன்று டாக்டர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. அந்த இரண்டு நாளும் என் மனதில் ஓடியதை எழுத வெட்கமாக இருக்கிறது. தட்டைக் கழுவிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜமிலுக்கு நான் சொன்னது புரிந்திருக்காது. கட்டுரை வரட்டும், நேர்காணல் முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் யோசித்தேன். விடுமுறை முடிந்த காலையில் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

நான் முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் குழாய் இன்னும் இருக்கோ?"

"இருக்கு டாக்டர்."

எழுந்து வந்தார். என்னைத் தொடவிடவில்லை. தொட்டியைத் தானே கழுவினார், கரைப்பானைத் தானே அளந்தார். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு பிளாஸ்டிக் குழாய். இரண்டிலும் வெறும் குளோரோபார்ம். பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்தார். கரைப்பான் ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிப் பக்கம் வெறுமையாக இருந்தது. பிளாஸ்டிக் பக்கம் புள்ளி வந்தது.

"ஓம்," என்றார். "இது பிளாஸ்டிக்."

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அறைக்குள் போனார். மத்தியானத்துக்குள் ஆய்விதழுக்குக் கடிதம் தயார். எனக்குப் படிக்கக் கொடுத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், தன் ஆய்வுக்கூடத்தில் நடந்த பிழை, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று ஆங்கிலத்தில் நாலே வரி. என் பெயர் எங்கும் இல்லை.

"டாக்டர், தப்பு நான் செஞ்சது."

"நோட்டை நான் வாசிச்சனான்," என்றார். "புது குழாய் எண்டு எழுதியிருந்தீர். என்ன குழாய் எண்டு நான் கேக்கேல்லை." கடிதத்தை மடித்து உறையில் போட்டார். பிறகுதான் கேட்டார்: "அந்தச் சிகாமட் ஆக்களுக்கு இதைப் பற்றி யாராவது சொன்னதோ?"

"தேவகிகிட்ட நான் சொல்லிட்டேன் டாக்டர்."

"அப்ப நீர்தான் போய்ச் சொல்லவேணும். நாளைக்கே போம்."

மறுநாள் சிகாமட்டில் தேவகியின் வீட்டுக் கதவைத் திறந்த அவர் கணவர், "ஆஸ்பத்திரில இருக்காங்க சார், வயித்து வலி" என்றார். பித்தப்பையில் கல். இந்த நோயில் அது வருவது உண்டு. கல் அடைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. அங்கே போனேன். முகமெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மருந்து வந்திருச்சா சார்?"

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், பிளாஸ்டிக், ஜமில், எல்லாமே.

"போன மாசமே மண்ணீரல எடுக்கணும்னு தேதி குடுத்தாங்க. பித்தப்பையையும் சேத்து எடுத்துடலாம்னாங்க. நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். மருந்து வரப்போவுது, எதுக்கு வயித்தக் கிழிக்கணும்னு."

எனக்கு அது தெரியாது. தெரியாது என்பதை அங்கே எப்படிச் சொல்வது?

"ஸ்கூல் பூரா சொல்லிட்டேன் சார். டீச்சர் ரத்தத்துல புதுசா ஒன்னு இருக்குன்னு பிள்ளைங்க பெருமையா பேசிக்குதுங்க." என்னை நேராகப் பார்த்தார். "அப்ப அது என்னோடது இல்லையா?"

"இல்லம்மா. மன்னிச்சிடுங்க."

"நீங்க போங்க சார்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயில் வரும்வரை சிகாமட் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையே வேண்டாம் என்று நான் நினைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

காய்ச்சல் தணிந்ததும் பித்தப்பையையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தியை மருத்துவமனைத் தாதிதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். டாக்டர் நேர்காணலுக்குப் போய், கேட்கப்படும் முன்பே கட்டுரையைத் திரும்பப் பெற்றதைச் சொல்லியிருக்கிறார். பதவி உயர்வு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பேராசிரியர் ஆகாமலேதான் ஓய்வு பெற்றார். இதை நான் அலுவலகத்தில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் வாயால் கடைசிவரை ஒரு சொல் கேட்டதில்லை. சில வருடங்களுக்கு முன்பு காலமானார்.

ஆனால் அப்போது டாக்டர் அந்த ஆராய்ச்சியை விடவில்லை. முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். அதற்கு மறுபடியும் அதே குடும்பங்களின் ரத்தம் வேண்டும். இந்த முறை டாக்டரே என்னோடு ரயிலேறினார். ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து, "பிழை எங்கடைதான். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் வேண்டாம்" என்றார். இரண்டு வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். தேவகி வீட்டில் நான் வாசலிலேயே நின்றேன். அவர் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"குடுக்கறேன் சார். ஆனா இந்த வாட்டி கண்ணாடில போடுங்க லா."

எங்கள் இரண்டாவது கட்டுரை வர நான்கு வருடம் ஆயிற்று. சின்னக் கட்டுரை. இந்த நோயில் அணுக்கள் தோலின் கொழுப்பை எல்லா வகையிலும் ஒரே அளவாக இழக்கின்றன. புதிதாக எதுவும் இல்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பிறகு வந்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

அது வெளிவந்த வருடம் தேவகி தன் மாணவர்களை ஜொகூர் பாருவுக்குச் சுற்றுலா கூட்டிவந்தார். பிள்ளைகளைக் கணவரிடம் கடற்கரையில் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். கண்ணாடி போடவில்லை. கண் வெள்ளையாக இருந்தது.

டாக்டர் தலையை நிமிர்த்தினார். "லிப்ட் பழுதெல்லோ. எப்படி வந்தனீர்?"

"படியேறித்தான் டாக்டர்."

மூன்று மாடி. டாக்டர் உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தேவகி உட்காரவில்லை. "நான் நல்லாதான் இருக்கேன். மொதல்ல என்னோடத காட்டுங்க" என்றார்.

அலமாரியிலிருந்து அவருடைய புதுத் தட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். ஒவ்வொரு புள்ளியின் பெயரையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்கிற மாதிரி அவரும் மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு கொலஸ்டராலுக்குச் சற்றுக் கீழே, வெறும் வெள்ளையாக இருந்த இடத்துக்கு மேலே விரலை வைத்தார். தட்டைத் தொடாமல்.

"இங்கதான் இருந்துச்சா?"

"ஓம்," என்றார் டாக்டர். "அங்கதான் இல்லை."

தேவகி சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார். என்னால்தான் அவர்களோடு சேர்ந்து உடனே சிரிக்க முடியவில்லை.